கோழிக்கூட்டின் சுத்தமும் தவணை தவறாத பராமரிப்பும்

கிராமங்களில் கோழி வளர்ப்பானது பெரும்பாலும் பெண்மக்களின் பொறுப்பிலேயே நடந்து வருகிறது. கொல்லைப்புறத்தில் ஐந்து அல்லது பத்துக் கோழிகள் இருந்தால், அவை நொய், தவிடு, களத்தில் சிந்திய தானியம், புழு பூச்சி ஆகியவற்றைத் தின்று பெருஞ்செலவின்றி வளர்ந்துவிடுகின்றன. முட்டை விற்ற காசு சிறுவாடாகச் சேர்ந்து, பிள்ளைகளின் புஸ்தகத்திற்கும், அவசரமான வைத்தியச் செலவிற்கும், நல்லநாள் பெருநாளுக்கும் உதவுகிறது. இந்த வருமானத்திற்கு மூலதனம் கோழியே. சங்கத்தில் கடன் பெற்றுக் கோழி வாங்கிய குடும்பத்தில் கோழி மாண்டுபோகலாம், கடன் மாண்டுபோவதில்லை. தவணை நாள் வந்தே தீரும். ஆகையால் மூலதனத்தைக் காக்கும் வழியை அங்கத்தினர் ஒவ்வொருவரும், முக்கியமாக வீட்டிலுள்ள பெண்மக்களும், அறிந்திருத்தல் அவசியம்.

கோழிகள் திடீரென்று மாண்டால் காலத்தின் கோளாறு என்றும், கண்ணேறு என்றும், தலைவிதி என்றும் ஜனங்கள் சொல்லுவதுண்டு. காரணமோ பல சமயங்களில் கூட்டினுள்ளேயே இருக்கிறது. பகலில் கோழி தெருவெங்கும் மேய்கிறது. பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரையில் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம் அது ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அதாவது, கோழியின் ஆயுளில் சரிபாதி கூட்டிற்குள் கழிகிறது. அப்பாதி ஆயுளைக் கெட்ட காற்றிலும், ஈரத்திலும், இரத்தம் உறிஞ்சும் பூச்சிகளின் நடுவிலும் கழிக்கும் கோழி எவ்வளவு தீனி தின்றாலும் தேறாது, முட்டையும் குறையும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. அது மெய்யே. ஆயினும், கோழியின் காலில் ஒட்டியிருக்கும் அசுத்தத்தைத் தின்று குஞ்சுகள் சாவது நாள்தோறும் நடக்கிற காரியமாகும்.

எதிரிகளின் காலக்கணக்கு

கூட்டை எத்தனை நாளைக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும் என்பது பலர் கேட்கும் கேள்வி. இதற்கு விடை, கூட்டிலுள்ள எதிரிகள் எத்தனை நாளில் வளர்ந்து பலம் பெறுகின்றன என்பதைப் பொறுத்தது. கடனுக்குத் தவணை இருப்பதுபோல இவைகளுக்கும் தவணை உண்டு. அத்தவணைக்கு முன்னரே வேலையை முடித்தால் சிரமம் சிறிது. தவறினால் வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல நஷ்டம் பெருகும்.

முதலாவது எதிரி இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர். இது நோயுற்ற கோழியின் எச்சத்தோடு கண்ணுக்குத் தெரியாத முட்டை போன்ற உருவில் வெளியே வருகிறது. எச்சம் விழுந்த உடனே இதனால் தீங்கு விளையாது. ஈரமும் உஷ்ணமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாட்களில் இது முதிர்ந்து, பின்பு தீனியோடு குஞ்சின் குடலிற் சென்று நோயை உண்டாக்குகிறது. மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையிலுள்ள குஞ்சுகளையே இது மிகுதியும் தாக்கும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இது எளிதில் சாவதில்லை. ஆனால் உலர்ந்த இடத்தில் இது முதிர முடியாது. அன்றன்று எச்சத்தை வாரிவிடுவதும், கூட்டை உலர்ந்த நிலையில் வைப்பதுமே இதற்குத் தக்க பரிகாரம்.

இரண்டாவது எதிரி, கூட்டின் இடுக்குகளில் வாழும் மிகச் சிறிய செந்நிறப் பூச்சி. பசித்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் காணப்படும். பகலெல்லாம் கழிகளின் அடியிலும், மூங்கில் பிளவிலும், கட்டுக் கயிற்றின் முடிச்சிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் கோழியின்மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் ஒளிவிடம் சேர்ந்துவிடும். வெயிற்காலத்தில் ஏறக்குறைய ஏழு நாட்களில் முட்டை, குஞ்சு, பெரியது என்னும் நிலைகளைக் கடந்து மறுபடி முட்டையிடத் தொடங்கும். வாரம் ஒரு முறை இடுக்குகளைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது எதிரி கோழி உண்ணி. தட்டையான உடலும் செம்பழுப்பு நிறமும் உடைய இதுவும் இரவில் திருடும் ஜாதியே. இரத்தம் குடிப்பதோடு நில்லாமல் ஒருவித ஜ்வரக் கிருமியையும் கோழியின் உடலில் செலுத்துகிறது. இந்த ஜ்வரம் கண்ட கோழி சோர்ந்து, இறகு சிலிர்த்து, பச்சையாகக் கழிந்து, பல சமயம் மாண்டுபோகும். வளர்ந்த உண்ணி இரையே இல்லாமல் ஓராண்டிற்கு மேலும் சுவரிடுக்கில் உயிரோடிருக்க வல்லது. ஆகவே, கோழிகள் மாண்டு வெகுநாள் வெறுமையாகக் கிடந்த கூடு சுத்தமான கூடு என்று நம்பி, புதிய கோழிகளை வாங்கி அடைப்பவர்கள் இரண்டாம் முறையும் நஷ்டமடைகிறார்கள். வெறுங்கூடு வேறு, சுத்தமான கூடு வேறு.

கோழிப்பேன் என்பது இவைகளினின்றும் வேறானது. அது இரவும் பகலும் கோழியின் உடலிலேயே வசிப்பதால் கூட்டை மட்டும் சுத்தம் செய்வதால் நீங்காது. அதற்காகக் கொல்லையில் மழைபடாத ஓரிடத்தில் ஆழமில்லாத குழி ஒன்று வெட்டி, உலர்ந்த மணலும் மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்பி வைத்தால், கோழிகள் தாமே அதில் புரண்டு பேனை உதறிக்கொள்ளும்.

கூட்டின் அமைப்பு

சுத்தம் செய்வதற்கு இடங்கொடாத கூட்டை எவரும் தொடர்ந்து சுத்தம் செய்யமாட்டார். கை நுழையாத சிறு வாயிலும், குனிந்து பார்க்க முடியாத மூலைகளும் உள்ள கூடுகளே பூச்சிகளுக்கு அரண்மனை. ஆதலால் கூட்டின் ஒரு பக்கம் முழுவதும் திறக்கக்கூடிய கதவாகவாவது, மேற்கூரை தூக்கி எடுக்கத்தக்கதாகவாவது அமைதல் நலம். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் கடும் வெயில் உள்ளே விழாது. வடக்குத் தெற்குப் பக்கங்களில் காற்று தாராளமாக ஓடும்.

தரைக்கு மேல் ஒன்றரை அல்லது இரண்டு அடி உயரத்தில் நான்கு கால்கள் நிறுத்தி, அடித்தளத்தை மூங்கிற் பிளாச்சுகளால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இடைவெளி விட்டு அமைத்தால், எச்சத்தின் பெரும்பகுதி தானே கீழே விழுந்துவிடும். அடியில் ஒரு பழந்தகரத்தையோ சாக்கையோ விரித்துவைத்தால் வாருவதும் எளிது. உயர்ந்த கூட்டில் மழைநீரும் தேங்காது; கீரி, பெருச்சாளி, பாம்பு இவற்றின் உபத்திரவமும் குறையும். இரவில் மட்டும் அடையும் கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி இடமும், அமரும் கழியில் எட்டு அங்குல நீளமும் வேண்டும். இதைவிட நெருக்கி அடைத்தால் எந்தச் சுத்தமும் பலிக்காது. அமரும் கழிகளை ஆணி அடித்து நிலைநிறுத்தாமல், எடுத்து வெயிலில் போடத்தக்கவாறு பள்ளத்தில் பதித்துவைத்தல் வேண்டும்.

தினத் தவணை

காலையில் கூட்டைத் திறக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். கோழியின் தலை இருக்கும் உயரத்திற்குக் குனிந்து மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். கண் எரிந்தாலும் மூக்கில் நெடி ஏறினாலும் அக்கூட்டில் ஈரமும் எச்சமும் மிஞ்சிவிட்டன என்று அறிந்துகொள்ளலாம். எச்சம் அழுகுவதால் எழும் அந்த நெடி கோழியின் கண்ணையும் மூச்சுக் குழாயையும் புண்படுத்திச் சளி நோய்களுக்கு வழி திறக்கிறது.

கோழிகளை வெளியே விட்டபின் இரவில் விழுந்த எச்சத்தைச் சுரண்டி வாரிவிட வேண்டும். பத்துக் கோழிகளின் கூட்டிற்கு இவ்வேலை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். வாருகோலும் சுரண்டும் கரண்டியும் கூட்டிற்கென்றே தனியாக இருக்கட்டும். தூசி எழும்பாதிருக்கச் சிறிது தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம், ஊற்றலாகாது. தண்ணீர்ச் சட்டியைத் தினந்தோறும் தேய்த்துக் கழுவி, பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் வைக்க வேண்டும். சட்டியின் உட்புறத்தில் விரல் வைத்தால் வழுக்குமாயின், அது கழுவப்படவில்லை என்று பொருள். பிறகு கூட்டின் கதவைப் பகல் முழுவதும் திறந்துவைத்துக் காற்றும் வெளிச்சமும் உட்புக விடவேண்டும்.

வாரத் தவணை

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அமரும் கழிகள், முட்டைக் கூடை, பஞ்சாரம் ஆகிய யாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். அதற்கு முந்தின இரவு, கோழிகள் அடைந்தபின் விளக்கோடு சென்று, ஒரு வெள்ளைத் துணியால் கழியின் அடிப்புறத்தை அழுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் இரத்தக் கோடு விழுந்தால் செந்நிறப் பூச்சி இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. உடனே மறுநாள் இடுக்குகளிலும் கழியின் நுனிகளிலும் கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும். முட்டைகள் தப்பிப் பிழைப்பதால் ஏழாம் நாள் மறுபடியும் அவ்வாறே செய்தல் இன்றியமையாதது. ஒரு முறை செய்துவிட்டு நிறுத்துவது, வட்டியைக் கட்டிவிட்டு முதலை மறந்ததற்கு ஒப்பாகும்.

உமியோ நிலக்கடலைத் தோலோ நான்கு முதல் ஆறு அங்குலம் வரை பரப்பிக் கோழி அடைப்பவர்கள், வாரம் ஒரு முறை அதைக் கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்து விடும்போது கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி; உதிர்ந்தால் சரியான பதம். ஈரமான பகுதியை மட்டும் அள்ளியெறிந்து புதிய உமி போட்டால் போதும்.

மாதத் தவணையும் அடைக்காலமும்

மாதம் ஒரு முறை கூட்டிலுள்ள யாவற்றையும் அப்புறப்படுத்தி உட்புறத்தை முற்றும் சுத்தம் செய்ய வேண்டும். இதில் முறை முக்கியம். முதலில் உலர்ந்தபடியே சுரண்டிப் பெருக்குதல். இரண்டாவது சலவைச் சோடா அல்லது சவர்க்காரம் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவுதல். மூன்றாவது வெயிலில் நன்றாக உலரவிடுதல். அதன் பிறகே சுண்ணாம்போ கிருமிநாசினியோ பூசுதல். எச்சத்தின்மேல் மருந்தை ஊற்றினால் மருந்தின் சக்தி எச்சத்தோடு போய்விடுமேயன்றிக் கிருமியைச் சேராது. மருந்து வாங்கும் செலவு இவ்வாறு வீணாகிறது. மண்தரையுள்ள கூட்டில் கழுவுவதை விட்டு, சுரண்டி உலர்த்துவதோடு நிற்க வேண்டும். ஈரமான கூட்டில் மாலையில் கோழியை அடைப்பதைவிட, அன்று கழுவாமலே விடுவது மேல்.

அடைவைக்கும் காலத்தில் தனிக் கவனம் வேண்டும். இருபத்தொரு நாளும் கோழி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் பூச்சிகளுக்கு அது நல்ல வேட்டை. இரவெல்லாம் கடிபட்ட அடைக்கோழி பொறுக்கமாட்டாமல் முட்டையை விட்டு எழுந்துவிடும். முட்டைகள் ஆறிக் கூமுட்டையாகும். ஆகையால் அடைவைக்குமுன் கூடையில் கொதிநீர் ஊற்றி உலர்த்தி, பழைய வைக்கோலை எரித்துவிட்டுப் புதிய வைக்கோல் இடுதல் வேண்டும்.

வருஷத் தவணை

வருஷத்தில் ஒரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், கூட்டிற்குப் பூரணமான பழுதுபார்த்தல் அவசியம். மண்தரையானால் மேல்மண்ணைச் சில அங்குலம் வெட்டியெடுத்துவிட்டுப் புதிய செம்மண் போட்டுத் திமிசு கட்டையால் இறுக்க வேண்டும். சுவர் வெடிப்புக்களையும் துளைகளையும் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, அதன்மேல் புதிதாக நீற்றிய சுண்ணாம்பை இரண்டு முறை அடிக்க வேண்டும். வெள்ளையடிப்பதன் பயன் அழகு மாத்திரமன்று. புதுச் சுண்ணாம்பின் காரம் பல கிருமிகளைக் கொல்லும். அதன் பூச்சு உண்ணிகளின் ஒளிவிடத்தை மூடும். வெண்மையான சுவரில் பூச்சிகள் கண்ணுக்கு உடனே தென்படும். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணிற் படாமல் ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். பூச்சு நன்றாக உலரும் வரையில் கோழிகளை உள்ளே விடலாகாது.

உண்ணி மிகுந்துவிட்ட கூட்டில் இவ்வளவும் போதாமற் போகலாம். அப்பொழுது கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் மருந்தை அவர்கள் சொல்லும் அளவில் மட்டும் தெளிக்க வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தில் மீதியைக் கூட்டில் தெளிப்பது கோழிக்கும், அதன் முட்டையை உண்ணும் குழந்தைகளுக்கும் ஆபத்தானது.

எச்சத்தின் வரவு

சுத்தம் செய்வதில் செலவு உண்டு, வரவில்லை என்று எண்ணுதல் தவறு. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடுகிறது. அதில் பாதி இரவில் கூட்டில் விழுவதாகக் கொண்டால், பத்துக் கோழிகளால் நாளொன்றுக்கு 500 கிராமும், மாதத்திற்கு 15 கிலோவும், வருஷத்திற்கு 180 கிலோவும் ஈர எரு கிடைக்கும். மாட்டெருவைக் காட்டிலும் இதில் பயிர்ச்சத்து மிகுதி. பச்சையாகச் செடியின் வேரில் இட்டால் செடி கருகிவிடும். ஆகையால் கூட்டிற்குத் தூரத்தில், மழைநீர் புகாத மேட்டில் ஒரு குழி தோண்டி, எச்சமும் உலர்ந்த சருகும் மாறி மாறிப் போட்டு மண்ணால் மூடிவைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் நல்ல மக்கெருவாகும். ஈயும் மொய்க்காது. இந்தக் குழியில் சுண்ணாம்பைக் கலக்கலாகாது; கலந்தால் எருவின் தழைச்சத்து நெடியாகக் காற்றிற் போய்விடும். சுண்ணாம்பு சுவருக்கு; சருகும் மண்ணும் எருவுக்கு.

சுத்தத்தால் மட்டும் தடுக்க முடியாதது

இத்தனை தவணைகளையும் தவறாமற் செய்தவர் வீட்டிலும் வெள்ளைக் கழிச்சல் நுழையக்கூடும். இந்நோய் 1926-ஆம் வருஷத்தில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1920-களின் பிற்பகுதியில் இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேட் என்னும் ஊரில் காணப்பட்டதால், இத்தேசத்தில் அது ராணிக்கேட் நோய் என்றும் வழங்கலாயிற்று. நோய்க் கோழியின் எச்சத்தாலும், மூச்சாலும், சந்தையிலிருந்து வரும் கூடையாலும், மனிதர் காலடியாலும் இது பரவும். கண்டபின் இதற்கு மருந்து கிடையாது. வருமுன் போடும் தடுப்பு மருந்தே காப்பு. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்தும், ஏறக்குறைய எட்டு வார வயதில் ஊசியும் போடுவது வழக்கம்.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே பஞ்சாரத்தில் வைத்திருந்து, நோயில்லை என்று கண்டபின்னரே கூட்டில் சேர்க்க வேண்டும். மாண்ட கோழியைக் குப்பையிலும் ஓடையிலும் எறியாமல், ஆழமான குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். ஒரே சமயத்தில் பல கோழிகள் மாண்டால் அவற்றைத் தொடாமலும், கறிக்கு அறுக்காமலும் கால்நடை மருந்தகத்திற்கு உடனே தெரிவித்தல் கடமை. 2006-ஆம் வருஷம் மஹாராஷ்டிரத்தில் நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டது முதல் இந்தத் தேசத்திலும் அந்த அபாயம் உண்டு. கூடு சுத்தம் செய்வோர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதும், வேலை முடிந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகால் கழுவுவதும் எப்பொழுதும் அனுசரிக்கத்தக்கன.

அண்டை வீடும் சங்கமும்

கூடு ஒரு வீட்டினுடையது, நோய் ஊருடையது. ஒருவர் தம் கூட்டை வெள்ளையடித்துப் பொன்போல வைத்திருந்தாலும், அண்டை வீட்டார் மாண்ட கோழியை வேலியோரம் எறிந்தால் நோய் வேலியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் திரூரிலும் பிற ஊர்களிலும் கிராமச் சங்கங்கள் தோன்றிய காலத்தில் அங்கத்தினர்களுக்கு வரையறையில்லாத ஜவாப்தாரி இருந்தது. ஒருவர் கட்டத் தவறிய கடன் மற்றவர்மேல் விழும். ஆதலால் ஒவ்வொருவரும் அடுத்தவரின் நாணயத்தைக் கவனித்து வந்தார்கள். கடன் விஷயத்தில் அந்த ஏற்பாடு பிற்காலத்தில் மாறிவிட்டது. கோழி நோய் விஷயத்திலோ அது இன்றும் மாறவில்லை. ஒருவர் அசட்டையின் நஷ்டம் ஊரார் அனைவர்மேலும் விழுகிறது.

தடுப்பு மருந்திலும் இதே நியாயம் விளங்கும். ஒரு புட்டியில் நூறு கோழிக்கு வேண்டிய மருந்து அடங்கியிருப்பது வழக்கம். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் அதைப் போட்டு முடிக்க வேண்டும். மீதியை வைத்திருக்க இயலாது. பத்துக் கோழியுள்ள ஒரு வீட்டார் தனியே புட்டியை உடைத்தால் பத்தில் ஒன்பது பங்கு வீணாகும். பத்து வீட்டார் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் கூடு திறக்குமுன் சேர்ந்து போட்டுக்கொண்டால் ஒரு துளியும் வீணாகாது. சுண்ணாம்பு நீற்றுவதும், மருந்து தெளிக்கும் கருவி வாங்குவதும் இவ்வாறே ஒருவருக்குப் பாரம், பலருக்கு எளிது.

ஆகையால் சங்கத்தின் கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளலாம். வருஷத்தில் ஒரு நாளை ஊர்க் கூடுகள் யாவற்றிற்கும் வெள்ளையடிக்கும் நாளாகவும், கால்நடை மருத்துவரைக் கலந்து தடுப்பு மருந்து போடும் நாட்களையும் குறித்தல் நலம். கோழி வாங்கக் கடன் கேட்கும் அங்கத்தினரிடம், பணம் கொடுக்குமுன், அவருடைய கூடு திறந்து பார்க்கத்தக்கதாக இருக்கிறதா என்று நிர்வாகிகள் ஒரு முறை சென்று பார்ப்பது தகும். ஈடு காகிதத்தில் எழுதப்படுகிறது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டப்போவது கோழி. கோழி இரவில் எங்கே படுக்கிறது என்று பாராமல் கொடுத்த கடன் வசூலாவது துர்லபம்.